ஒராபி பாஷா: துருக்கித் தொப்பிக்கு அப்பால் உள்ள வரலாறு

கொழும்பு மருதானையில் ஒராபி பாஷாவின் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. கண்டி ஹலொலுவ வீதியில் அவரது பெயரால் ஒரு கலாசார நிலையம் இருக்கிறது. நமது பாட்டன்மார் அணிந்த துருக்கித் தொப்பியைப் பற்றிப் பேசும்போதும், ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போதும் அவருடைய பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் இந்த மனிதர் ஏன் இலங்கைக்கு வந்தார் என்று உயர்தர வகுப்பு மாணவர்களிடம் கேட்டால், பிரித்தானியர் நாடு கடத்தினார்கள் என்ற ஒரு வரியோடு பதில் முடிந்துவிடுகிறது. ஏன் கடத்தினார்கள் என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இல்லை.

அந்தப் பதிலில்தான் நவீன உலக வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பருத்திச் சந்தை, சுயெஸ் கால்வாய், வெளிநாட்டுக் கடன், ஐரோப்பிய வல்லரசுகளின் போட்டி, தேசியவாதம், பாராளுமன்றக் கோரிக்கை என்று நாம் தனித்தனி அலகுகளாகக் கற்பிக்கும் விடயங்கள் எல்லாம் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் ஒன்றுசேர்கின்றன. கடனில் மூழ்கிய ஒரு நாடு தன் சுதந்திரத்தை எப்படி இழந்தது என்பதை அறிய விரும்புபவர்களுக்கு அவரது வரலாறு ஒரு பாடநூல். கடனின் சுமையை நேரில் கண்ட நாடு என்ற வகையில் இன்று நாம் அதைப் படிப்பது பொருத்தமானது.

கிராமத்திலிருந்து இராணுவத்துக்கு

அஹ்மத் ஒராபி 1841இல் எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு விவசாயக் கிராமத்தில் பிறந்தார். தந்தை அக்கிராமத்தின் ஷெய்க். சிறுவயதிலேயே தந்தையை இழந்த ஒராபி, சில ஆண்டுகள் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் ஓதினார்.

அன்றைய எகிப்து பெயரளவில் உஸ்மானியப் பேரரசின் ஒரு மாகாணம். முஹம்மத் அலி பாஷாவின் பரம்பரையினர் அதை ஆண்டு வந்தனர். அரண்மனையிலும் இராணுவத்தின் உயர்பதவிகளிலும் துருக்கியரும் சர்க்கேஸியருமே இருந்தார்கள். அரபு பேசும் எகிப்திய விவசாயிகள் வரி கொடுப்பவர்களாகவும் கூலியில்லா வேலை செய்பவர்களாகவும் சாதாரண சிப்பாய்களாகவும் மட்டுமே கணிக்கப்பட்டனர்.

1854இல் ஆட்சிக்கு வந்த ஸயீத் பாஷா, கிராம ஷெய்க்மாரின் பிள்ளைகளையும் இராணுவத்தில் சேர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அப்படித்தான் இளம் ஒராபி படையில் சேர்ந்தார். ஸயீதின் காலத்தில் எகிப்தியருக்கும் பதவி உயர்வு கிடைத்தது. இருபது வயதளவிலேயே ஒராபி லெப்டினன்ட் கேணல் ஆனார். ஆனால் 1863இல் ஸயீத் மறைந்து இஸ்மாயில் ஆட்சிக்கு வந்ததும் கதவு மூடிக்கொண்டது. சர்க்கேஸிய அதிகாரிகள் மீண்டும் முன்னுரிமை பெற்றார்கள். ஒராபி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதே மட்டத்தில் தேங்கி நின்றார்.

கடன் என்ற வலை

இஸ்மாயில் ஆட்சிக்கு வந்தபோது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி வருவது நின்றுபோனதால் எகிப்தியப் பருத்தியின் விலை பல மடங்கு உயர்ந்தது. அந்தச் செல்வம் நிலைக்கும் என்று நம்பி இஸ்மாயில் புகையிரதப் பாதைகள், நீர்ப்பாசனக் கால்வாய்கள், பாலங்கள், பாடசாலைகள் என்று பலவற்றைத் தொடங்கினார். கூடவே அரண்மனைகளையும் கட்டினார். 1865இல் அமெரிக்கப் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. திட்டங்கள் நிற்கவில்லை, அவற்றுக்கான பணம் ஐரோப்பிய வங்கிகளிடமிருந்து கடனாக வந்தது.

சுயெஸ் கால்வாயும் இந்தச் சுமையின் ஒரு பகுதிதான். அதை வெட்டியவர்கள் எகிப்திய விவசாயிகள். கட்டாய உழைப்பை நிறுத்தவும் கம்பனியிடமிருந்த நிலங்களை மீட்கவும் இஸ்மாயில் முயன்றபோது, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நடுவராக அமர்ந்தார். கம்பனிக்கு எகிப்து 8 கோடி 40 இலட்சம் பிராங்க் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1864இல் தீர்ப்பளித்தார். தன் மக்களை வருத்துவதை நிறுத்துவதற்கே ஒரு நாடு நட்டஈடு கட்ட வேண்டியிருந்தது.

கடன் கொடுத்த முறையும் கவனிக்கத்தக்கது. 1873இல் எகிப்து 3 கோடி 20 இலட்சம் பவுண் கடனுக்குக் கையொப்பமிட்டது. தரகும் கழிவும் போக உண்மையில் கையில் வந்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் கணக்கிடப்பட்டது. இஸ்மாயில் பதவியேற்றபோது சுமார் 30 இலட்சம் பவுணாக இருந்த கடன், 1876 ஆகும்போது 9 கோடி பவுணை எட்டியிருந்தது.

1875இல் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கு இருந்த பங்குகள் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டன. கால்வாயின் இலாபத்தில் எஞ்சியிருந்த 15 சதவீத உரிமையும் 1880இல் கைமாறியது. தன் மண்ணில், தன் மக்களின் உழைப்பால் வெட்டப்பட்ட கால்வாயிலிருந்து எகிப்துக்கு வருமானம் இல்லை என்றாயிற்று.

1876இல் கடன் கொடுத்தோரின் பிரதிநிதிகளைக் கொண்ட கடன் ஆணையம் கெய்ரோவில் அமைந்தது. பிரித்தானியர் ஒருவரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் நாட்டின் வரவையும் செலவையும் மேற்பார்வை செய்தார்கள். 1878இல் ஐரோப்பியர் இருவர் அமைச்சர்களாகவே அமர்ந்தார்கள். நிதி அமைச்சு ஓர் ஆங்கிலேயரிடம் போனது. செலவைக் குறைப்பதற்காக 1879இல் சுமார் 2,500 இராணுவ அதிகாரிகள் அரைச் சம்பளத்துடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு ஏற்கனவே சம்பள நிலுவை இருந்தது. அதே ஆண்டு, ஐரோப்பியரை எதிர்க்க முற்பட்ட இஸ்மாயில், வல்லரசுகளின் அழுத்தத்தால் உஸ்மானிய சுல்தானின் கட்டளை மூலம் பதவி நீக்கப்பட்டார். அவருடைய மகன் தௌபீக் கெதீவ் ஆனார். அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஒன்று நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ பாதியைக் கடனுக்கென்று ஒதுக்கியது.

அப்தீன் முற்றம்

ஒராபியின் போராட்டம் பெரிய இலட்சியங்களுடன் தொடங்கவில்லை. எகிப்திய அதிகாரிகளின் பதவி உயர்வைத் தடுத்த யுத்த அமைச்சருக்கு எதிராக 1881 தொடக்கத்தில் அவரும் அலி பஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய இரு கேணல்களும் ஒரு மனுக் கொடுத்தார்கள். மூவரையும் கஸ்ருன் நீல் முகாமுக்கு அழைத்துக் கைது செய்தார்கள். அவர்களுடைய சிப்பாய்கள் வந்து விடுவித்தார்கள். அமைச்சர் மாற்றப்பட்டார். ஒரு சம்பளப் பிரச்சினை அரசியல் பிரச்சினையாக மாறிய நாள் அது.

அதன்பின் கிராமத் தலைவர்கள், அல்-அஸ்ஹர் உலமாக்கள், பத்திரிகையாளர்கள், நிலக்கிழார்கள் எல்லோரும் அவரை நாடி வந்தார்கள். எகிப்து எகிப்தியருக்கே என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. 1881 செப்டம்பர் 9ஆம் திகதி ஒராபி தன் படைப்பிரிவுகளுடனும் பீரங்கிகளுடனும் கெய்ரோவின் அப்தீன் மாளிகை முற்றத்தில் வந்து நின்றார். கெதீவ் இறங்கி வந்தார். ஒராபி மூன்று கோரிக்கைகளை முன்வைத்தார்: அமைச்சரவை விலக வேண்டும், மக்கள் பிரதிநிதிகள் சபை கூட்டப்பட வேண்டும், இராணுவம் 18,000 பேராக உயர்த்தப்பட வேண்டும். ஒரு துப்பாக்கி வேட்டும் இல்லாமல் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன.

அவ்வாண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபை கூடியது. அச்சபை கேட்டது மிகச் சிறியது. கடனுக்கு ஒதுக்கிய பாதி வருமானத்தைத் தொட மாட்டோம்; மீதிப் பாதியை எப்படிச் செலவிடுவது என்று வாக்களிக்கும் உரிமையைத் தாருங்கள் என்பதே அது. அதையும் பிரித்தானியாவும் பிரான்ஸும் ஏற்கவில்லை. 1882 ஜனவரியில் இரு நாடுகளும் கெதீவுக்கு ஆதரவாகக் கூட்டறிக்கை விடுத்து எச்சரித்தன. எச்சரிக்கை எதிர்விளைவையே தந்தது. கவிஞரும் படைத்தலைவருமான மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி பிரதமரானார். ஒராபி யுத்த அமைச்சரானார்.

ஒராபியின் வரலாற்றில் மாணவர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் இதுதான். ஐரோப்பாவில் அவரை இராணுவ சர்வாதிகாரி என்றும் மதவெறியர் என்றும் எழுதினார்கள். ஆனால் மோதல் முற்றியது ஒரு வரவு செலவுத் திட்டத்தை யார் நிறைவேற்றுவது என்ற கேள்வியில்தான்.

தெல் எல் கபீர்

1882 மே மாதம் பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவுக்கு வந்தன. ஜூன் 11ஆம் திகதி அந்நகரில் கலவரம் வெடித்து எகிப்தியரும் ஐரோப்பியரும் கொல்லப்பட்டார்கள். எகிப்தியர் கரையோரக் கோட்டைகளைப் பலப்படுத்தியதைக் காரணம் காட்டி ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை நகர்மீது குண்டு வீசியது. பிரெஞ்சுக் கப்பல்கள் அதற்கு முன்பே விலகிச் சென்றிருந்தன. அப்போது பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் கிளாட்ஸ்டன். ஏகாதிபத்தியத்தைக் கண்டித்துத் தேர்தலில் வென்ற அவர், தன் சொந்த முதலீட்டில் கணிசமான பங்கை எகிப்தியக் கடன் பத்திரங்களில் வைத்திருந்தார் என்பதும் வரலாறு.

கெதீவ் தௌபீக் பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தார். கெய்ரோவில் கூடிய பெரும் சபை ஒன்று ஒராபியின் பின்னால் நின்றது. அதில் உலமாக்களோடு கொப்திக் கிறிஸ்தவர்களின் தலைவரும் இருந்தார். மதவெறி என்ற குற்றச்சாட்டுக்கு அந்தச் சபையே பதில்.

ஆயினும் ஒராபி ஒரு பெரிய தளபதி அல்லர். சுயெஸ் கால்வாயை அடைத்துவிடுமாறு அவருடைய தோழர்கள் வற்புறுத்தினார்கள். கால்வாய் நடுநிலையானது, அதற்குள் பிரித்தானியப் படை நுழையாது என்று பெர்டினண்ட் டி லெசெப்ஸ் கொடுத்த உறுதியை நம்பி அவர் காலம் தாழ்த்தினார். ஆகஸ்ட் மாதம் ஜெனரல் வூல்ஸ்லியின் படை அதே கால்வாய் வழியாக இறங்கியது. செப்டம்பரில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், ஒராபியைக் கிளர்ச்சிக்காரர் என்று அறிவித்தார். கலீபாவின் அந்த அறிவித்தல் எகிப்தியப் படையின் மனவுறுதியை உடைத்தது. செப்டம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில் தெல் எல் கபீரில் நடந்த போர் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. பிரித்தானியத் தரப்பில் 57 பேர் இறந்தார்கள். எகிப்தியர் தரப்பில் ஏறத்தாழ 2,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. மறுநாள் கெய்ரோவில் ஒராபி சரணடைந்தார்.

கெதீவ் அவருக்கு மரண தண்டனை கொடுக்கவே விரும்பினார். வில்பிரட் ஸ்காவன் பிளண்ட் என்ற ஆங்கிலக் கவிஞர், தன் பணத்தைச் செலவிட்டு வழக்கறிஞர்களை அனுப்பினார். ஆக்கிரமித்த நாட்டிலேயே அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்த மனிதர்களும் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் கடமை. டிசம்பர் 3ஆம் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டு, உடனேயே ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. சிறிது காலமே தங்குவதாகச் சொல்லி வந்த பிரித்தானியப் படை எகிப்தை விட்டு முழுமையாக வெளியேறியது 1956இல்தான்.

இலங்கையில் பத்தொன்பது ஆண்டுகள்

1883 ஜனவரியில் ஒராபியும் அல்-பாரூதி உள்ளிட்ட ஆறு தோழர்களும் தத்தம் குடும்பத்தினருடன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அவர்களை வரவேற்க முஸ்லிம்கள் திரண்டு நின்றார்கள்.

அன்றைய இலங்கை முஸ்லிம் சமூகம் வியாபாரத்தில் முன்னேறியிருந்தாலும் நவீன கல்வியில் பின்தங்கியிருந்தது. ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் பெற்றோரிடம் இருந்தது. இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் சித்திலெப்பை. ஒராபி வருவதற்குச் சற்று முன்னர்தான், 1882ஆம் ஆண்டின் இறுதியில், அவர் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்.

இருவரும் சந்தித்தது நம் சமூகத்தின் பாக்கியம். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு முன்னால், அல்-அஸ்ஹரில் ஓதிய, ஆங்கிலேயரோடு போரிட்ட ஒரு மனிதர் நவீன கல்வியின் பக்கம் நின்றார். அந்த மொழியைத் தானும் கற்றார். அவர் சொன்னதை மறுப்பது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. சித்திலெப்பையின் உழைப்பு, வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் கொடை, ஒராபியின் மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. ஸாஹிராவை ஒராபி தனியாக நிறுவினார் என்று சிலர் எழுதுவது சரியல்ல. அதன் பெருமையில் முதற்பங்கு சித்திலெப்பைக்கும் அவரோடு உழைத்த உள்ளூர் மக்களுக்கும் உரியது. ஒராபி அவர்களுக்குப் பக்கபலமாக நின்றார்.

துருக்கித் தொப்பி பரவியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1905இல் அத்தொப்பியுடன் நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமைக்காக நம்மவர்கள் போராடியபோது, அது ஒரு சமூகத்தின் சுயமரியாதைச் சின்னமாகியிருந்தது.

ஆனால் அவருடைய நாடு கடந்த வாழ்க்கையைக் கௌரவ விருந்தாளியின் வாழ்க்கையாக மட்டும் கற்பனை செய்யக்கூடாது. சொத்துகள் பறிமுதலாகியிருந்தன. பிரித்தானியரின் கண்காணிப்பில், கொடுப்பனவுப் பணத்தில் வாழ வேண்டியிருந்தது. தோல்விக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தோழர்களுக்கிடையே கசப்பை வளர்த்தது. அப்துல் ஆல் ஹில்மி 1891இல் கொழும்பில் வபாத்தானார். மஹ்மூத் பஹ்மியும் யஃகூப் ஸாமியும் இம்மண்ணிலேயே அடக்கமானார்கள். அல்-பாரூதி தன் மிகச்சிறந்த கவிதைகள் பலவற்றை இங்கே எழுதினார். பார்வையை இழந்த நிலையில் நாடு திரும்பினார். கொழும்பின் காலநிலை ஒத்துக்கொள்ளாமல் 1892இல் ஒராபி கண்டிக்குக் குடிபெயர்ந்தார்.

திரும்பிச் சென்றவர்

1901இல், பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் இலங்கை வந்தபோது ஒராபியின் விடுதலை பற்றிப் பேசப்பட்டது. அதே ஆண்டு கெதீவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மி அவருக்கு மன்னிப்பளித்தார். அறுபது வயதில் எகிப்து திரும்பினார்.

அங்கே வரவேற்பு இல்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா காமில், பிரித்தானியரை நாட்டுக்குள் கொண்டுவந்ததே ஒராபிதான் என்று குற்றம் சாட்டினார். கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை இகழ்ந்து கவிதை எழுதினார். தன் பக்க நியாயங்களை ஒராபி நினைவுக்குறிப்புகளாக எழுதிவைத்தார். 1911 செப்டம்பர் 21ஆம் திகதி கெய்ரோவில், பெரிய ஆரவாரம் எதுவுமின்றி வபாத்தானார். 1952இல் மன்னராட்சி வீழ்ந்த பின்னரே எகிப்து அவரைத் தேசிய வீரராக மீண்டும் ஏற்றுக்கொண்டது.

நாம் எடுக்க வேண்டிய பாடம்

ஒராபியின் வாழ்க்கையைத் தோல்வி என்று சொல்லலாம்; தவறான ஒருவரின் வாக்குறுதியை நம்பினார் என்றும் சொல்லலாம். ஆனால் எகிப்து தெல் எல் கபீரில் விழவில்லை. கணக்குக் கேட்கும் சபை இல்லாத ஓர் ஆட்சியாளர், மக்களுக்குத் தெரியாமல் ஒப்பந்தங்களில் கையொப்பமிட்ட நாட்களிலேயே அது விழத் தொடங்கியிருந்தது. ஒராபியும் அவரது தோழர்களும் கணக்குக் கேட்கத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது.

2022 ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தபோது, எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் அந்தக் கடன்களில் கையொப்பமிட்டவர்கள் அல்லர். எகிப்தில் வரி கட்ட முடியாமல் நிலத்தை இழந்த விவசாயியும் அப்படித்தான். காலமும் சூழலும் வேறு. இன்று எவரும் போர்க்கப்பலோடு வருவதில்லை. ஆனால் யாருக்காகக் கடன் வாங்கப்படுகிறது, எதற்குச் செலவிடப்படுகிறது, யார் கட்டுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளும் மாறவில்லை. அவற்றைக் கேட்கத் தெரிந்த குடிமக்கள் தேவை. அதற்குப் பொருளியலும் வரலாறும் தெரிந்த பிள்ளைகள் தேவை.

நம் பாடசாலைகளிலோ, வரலாறு என்பது திகதிகளை மனனமிடும் பாடமாகச் சுருங்கிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைத் தெரிவு செய்வதைப் பெற்றோர் விரும்புவதில்லை. நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலக் கல்வியின் மீதிருந்த அச்சத்தை வெல்ல ஒராபியும் சித்திலெப்பையும் உழைத்தார்கள். இன்று நமக்கு இருப்பது வேறொரு அலட்சியம். தொழில் தராத படிப்பு வீண் என்ற அந்த எண்ணத்தையும் வெல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை மருதானையில் அந்த வீதியின் பெயர்ப்பலகையைக் கடக்கும் பெற்றோர், பக்கத்தில் வரும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். தொப்பியைப் பற்றியும் சொல்லுங்கள். அதோடு, வரவு செலவுத் திட்டத்தின் பாதியில் வாக்களிக்கும் உரிமையை மக்கள் சபை கேட்டதற்காக ஒரு நாட்டின் மீது போர் தொடுக்கப்பட்டது என்பதையும், அந்தச் சபைக்காக நின்றவர் பத்தொன்பது ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தார் என்பதையும் சொல்லுங்கள்.